ஓர்னை யாருக்காக எடுத்தோம்? (கடிதமும் பதிலும்)

வணக்கம்,

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் (ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் கணினி ஆட்டம்) ராங்க் ஆட்டங்களில் நான் சப்போர்ட், அதாவது கூட்டாளிக்குத் துணை நிற்கும் இடத்தில் ஆடுகிறவன். போன வாரம் டிராஃப்ட்டில், அதாவது ஓர்ன், த்ரெஷ் போன்ற ஹீரோக்களை இரு அணியும் முறை வைத்து எடுக்கும் கட்டத்தில், எனக்கு முதல் இடம். எங்கள் அணியில் கடைசி இடத்தில் இருந்த டாப் லேன்காரர் (மேல் பாதையில் ஆடுபவர்), "ஓர்னை எனக்கு எடுத்து வை, உனக்கு நான் த்ரெஷ் எடுத்துத் தருகிறேன், அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். எடுத்தேன். அவர் முறை வந்தபோது, "அய்யோ, என்னிடம் த்ரெஷ் இல்லை" என்று சொல்லிவிட்டு வேறொரு டாப் ஹீரோவை லாக் செய்துவிட்டார் (உறுதியாக்கிவிட்டார்). நான் ஓர்னோடு சப்போர்ட்டுக்குப் போனேன், தோற்றோம். முன்பின் தெரியாதவர்களுக்கு இனி எதையும் எடுத்து வைக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். சரிதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயம், முடிவு சரியில்லை. அவர் வேண்டுமென்று ஏமாற்றியதாகத் தெரியவில்லை, வெறும் அசட்டைதான். லீக்கில் மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் இரண்டு சாம்பியன்களும் (லீக்கில் ஹீரோக்களுக்கு அதுதான் பெயர்) இருவர் கணக்கிலும் இருக்க வேண்டும். உங்களிடம் ஓர்ன் இருந்தால் மட்டும் போதாது, அவரிடம் த்ரெஷும் இருக்க வேண்டும். எல்லா ஹீரோக்களையும் எல்லோருக்கும் இலவசமாகத் தரும், இதே வகை ஆட்டமான டோட்டா 2 ஆடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. அந்த மாற்று நடந்திருந்தாலும் பெரிய லாபம் இல்லை. வரிசையைப் பாருங்கள். முதல் அணி 1, எதிரணி 2, பிறகு மாறி மாறி 2, 2, 2, கடைசியாக எதிரணி 1. இப்படி மொத்தம் 10 பேர். உங்கள் அணி எந்தப் பக்கம் இருந்தாலும், கடைசியில் எடுக்கிறவர் எதிரணியில் பெரும்பாலும் யார் யார் வந்துவிட்டார்கள் என்று பார்த்துவிட்டு எடுக்கிறார். டாப் லேனில் ஒருவருக்கு ஒருவர் மோதல். அங்கே கவுண்டர் (நம்மை மடக்கும் சாம்பியன்) விழுந்தால் ஆட்டம் முழுக்கத் திணற வேண்டியதுதான். அதனால் அந்தக் கடைசி இடம் டாப் ஆட்டக்காரருக்குத் தங்கம். அந்த டாப்காரர் அந்தத் தங்கத்தை உங்களுக்குத் த்ரெஷ் வாங்கச் செலவழிக்கப் பார்த்தார்! நீங்கள் ஓர்னை முதலில் காட்டியதும் எதிரணி டாப்காரர் நிதானமாக யோசித்து அதற்கு எதிராக எடுத்திருப்பார்.

எடுத்து வைப்பது எப்போது பலன் தரும்? விட்டால் எதிரணி தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற அளவுக்கு ஒரு சாம்பியன் வலுவாக இருந்து, அதை ஆடப் போகிறவர் பின்னால் இருக்கும்போது. அல்லது, எடுத்தது எந்த லேனுக்கு என்று எதிரணி குழம்பும்போது. டோட்டாவின் கேப்டன்ஸ் மோட் இந்த இரண்டாவது காரணத்தை முழுதாகப் பயன்படுத்துகிறது. கேப்டன் ஒருவரே ஐந்து ஹீரோக்களையும் எடுக்கிறார், எது யாருக்கு என்பது அதற்கப்புறம்தான் முடிவாகிறது.

உங்கள் சிக்கலுக்கு லீக்கிலேயே ஒரு வழி இருக்கிறது. சாம்பியனை மாற்றாமல், எடுக்கும் வரிசையில் உள்ள இடத்தையே மாற்றிக்கொள்ளலாம். டாப்காரர் முன்வரிசையில் மாட்டிக்கொண்டால், பின்னால் இருக்கும் நீங்கள் உங்கள் இடத்தை அவருக்குத் தரலாம். யார் கணக்கில் எது இருக்கிறது என்ற கேள்வியே வராது, யாரையும் நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். இருவரில் யாருடைய முறையும் வருவதற்குள் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

லேனையும் சேர்த்து மாற்றுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஆட்டத்துக்கு முன் தேர்ந்தெடுக்கும் ஸ்பெல்களை (கூடுதல் திறன்களை) ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்மைட் (காட்டு மிருகங்களை அடிக்கும் ஸ்பெல்) இல்லாமல், லேன்களுக்கு இடையிலான ஜங்கிளுக்குள் போய் நிற்பவரைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

மற்றபடி, ஓர்ன் சப்போர்ட் அப்படியொன்றும் மோசமில்லை. அடி தாங்குவார், சண்டையை அவரே தொடங்கிவைப்பார், போகப்போகக் கூட்டாளிகளின் பொருட்களையும் மேம்படுத்தித் தருவார். தோல்விக்கு அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை யாராவது எடுத்து வைக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். லாக் செய்வதற்கு முன்பே "உங்களிடம் த்ரெஷ் இருக்கா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு ஆடுங்கள்.