"அணி விதிமீறல்" என்ற இரண்டு சொற்கள்: கேள்வி பதில்

அமெரிக்காவின் ஒரு பல்கலைக்கழக ஊரில் ஆய்வு மாணவனாகவும், பிறகு சில ஆண்டுகள் துணை ஆசிரியனாகவும் இருந்தவன் நான். சனிக்கிழமை ஆட்டமும் ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளும் அங்கே பிரிக்க முடியாதவை. கல்லூரி ஃபுட்பால் வீரர்கள் மீது புகார் வரும்போது பயிற்சியாளர்கள் என்ன செய்கிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: முதலில் ஒரு சந்தேகம். இது நம்முடைய கால்பந்துதானா?

இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். கால் படுவது எப்போதாவதுதான். பெயரைக் கேட்டு ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

கேள்வி: "அணி விதிகளை மீறியதற்காக இடைநீக்கம்" என்றே எப்போதும் செய்தி வருகிறதே, எந்த விதி என்று ஏன் சொல்வதில்லை?

சொல்லாமல் இருப்பதற்காகவே உருவான சொற்றொடர் அது. கூட்டத்துக்குத் தாமதமாக வருவதும் அணி விதிமீறல்தான், போதைப்பொருள் சோதனையில் சிக்குவதும் அணி விதிமீறல்தான், ஒரு பெண்ணின் தாடையை உடைத்துவிட்டுக் கைதாவதும் அணி விதிமீறல்தான்.

சிறிய விதிகளில் அவர்கள் காட்டும் கண்டிப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் வகுப்பில் இரண்டு ஃபுட்பால் வீரர்கள் இருந்தார்கள். வகுப்பு தொடங்கிய ஐந்தாவது நிமிடம் விளையாட்டுத் துறை ஊழியர் ஒருவர் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பார். இருவரும் இருக்கிறார்களா என்று கையில் உள்ள தாளில் குறித்துக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் ஒருவன் வரவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு அரங்கத்தின் படிக்கட்டுகளை ஏறி இறங்கிவிட்டு, கால் நடுங்க என் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தான். ஒரு வகுப்பைத் தவறவிட்டவனை இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடிக்கும் அமைப்பு, காவல்துறை அறிக்கை வந்தால் மட்டும் "விவரம் தெரியவில்லை" என்கிறது. கேட்டால், மாணவர் பதிவேடுகளின் அந்தரங்கம் காக்கும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டுவார்கள். சட்டம் உண்மைதான். ஆனால் அது மாணவனை மூடுவதைவிட நிர்வாகத்தை மூடுவதற்கே அதிகம் பயன்படுகிறது.

கேள்வி: தண்டனைகளுக்கு அளவுகோல் ஏதாவது உண்டா?

விடியற்கால ஓட்டம், பாதி ஆட்டம், ஓர் ஆட்டம், "காலவரையற்ற இடைநீக்கம்", அணியிலிருந்து நீக்கம் என்று படிகள் உண்டு. எந்தப் படியில் நிறுத்துவது என்பது பெரும்பாலும் பயிற்சியாளர் விருப்பம். காலவரையற்றது என்று அறிவித்த இடைநீக்கம், பலமான எதிரணி வருகிற வாரத்தில் முடிந்துபோவதும் உண்டு.

2014 செப்டம்பரில் ஃப்ளோரிடா ஸ்டேட் அணியின் ஜேமிஸ் வின்ஸ்டன், வளாகத்தில் எல்லோரும் கேட்க ஆபாசமாகக் கத்தினார். கிளெம்சனுக்கு எதிரான ஆட்டத்தில் முதல் பாதி மட்டும் இடைநீக்கம் என்றார்கள். கண்டனம் எழுந்ததும், ஆட்டத்துக்கு முந்தைய இரவில் அது முழு ஆட்டமாகியது. மறுநாள் அவர் தோள்கவசம் உட்பட முழுச் சீருடையுடன் பயிற்சிக்கு மைதானத்தில் இறங்கிவிட்டார். பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷர் அவரைத் திருப்பி அனுப்பி, கவசத்தைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்.

அதே வின்ஸ்டன் மீது 2012 டிசம்பரில் பாலியல் வன்முறைப் புகார் பதிவானது. போதிய சான்று இல்லை என்று 2013 டிசம்பரில் அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடரவில்லை. பல்கலைக்கழக விசாரணையும் 2014 இறுதியில் அவரை விடுவித்தது. அவர் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புகாரை நிர்வாகம் கையாண்ட விதம் பற்றிய வழக்கை முடிக்கப் பல்கலைக்கழகம் 2016இல் 9,50,000 டாலர் கொடுத்தது.

கேள்வி: ஜோ மிக்ஸன் என்ற வீரரின் விவகாரத்தில் ஓக்லஹோமா பல்கலைக்கழகம் ஒரு முழு ஆண்டு தண்டித்ததே, அது போதாதா?

2014 ஜூலையில், நார்மன் நகரத்து உணவகம் ஒன்றில், மிக்ஸன் ஒரு பெண்ணின் முகத்தில் குத்தினார். முக எலும்புகள் உடைந்தன. அந்தப் பருவம் முழுவதும் ஆடக்கூடாது என்றார்கள். ஆனால் படிப்பு தொடர்ந்தது, 2015இல் களத்துக்கும் திரும்பினார். 2016 டிசம்பரில் கண்காணிப்புக் கேமராக் காட்சி வெளியானது. அப்போதுதான் பயிற்சியாளர் பாப் ஸ்டூப்ஸ், இன்றாக இருந்தால் அணியிலிருந்து நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்ற பொருளில் பேசினார். அந்தக் காட்சியை அவர் 2014லேயே பார்த்துவிட்டார் என்பதுதான் வேடிக்கை. குத்து அதே குத்துதான். பார்த்தவர்களின் எண்ணிக்கைதான் கூடியது. காட்சி வெளியான சில வாரங்களில் நடந்த, ஷுகர் பவுல் என்ற பருவ இறுதிப் பெரிய ஆட்டத்திலும் மிக்ஸன் ஆடினார்.

கேள்வி: ஒரு பயிற்சியாளருக்கு இவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது?

பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் ஆளுநர் அல்லர், ஃபுட்பால் பயிற்சியாளர். அவரைப் பல்கலைக்கழகத் தலைவர் கண்டிப்பது, மாமனாரின் வீட்டில் குடியிருந்துகொண்டு மாமனாரைக் கண்டிப்பது போலத்தான்.

எல்லோரும் தீய நோக்கத்தோடு செய்கிறார்கள் என்றும் நான் நினைக்கவில்லை. 1995இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் லாரன்ஸ் ஃபிலிப்ஸ் தன் முன்னாள் தோழியைத் தாக்கினார். பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் அவரைச் சில வாரங்கள் விலக்கி வைத்துவிட்டு மீண்டும் சேர்த்துக்கொண்டார். இந்தப் பையனுக்கு ஒழுங்கு என்று இருப்பது ஃபுட்பால் ஒன்றுதான், அதையும் பறித்தால் கெட்டுப்போவான் என்பது அவருடைய வாதம். அவர் அதை மனதார நம்பினார் என்றே படுகிறது. ஃபிலிப்ஸ் 1996 ஜனவரி 2இல் ஃபியஸ்டா பவுலில் ஆடினார். நெப்ராஸ்கா 62-24 என்று வென்று சாம்பியன் ஆனது. ஃபிலிப்ஸ் 2016இல் சிறையில் இறந்தார். தாக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கு என்ன ஒழுங்கு மிஞ்சியது என்பது ஆஸ்போர்னின் வாதத்தில் எங்கும் வரவில்லை.

கேள்வி: நிரூபணம் ஆகும் முன்பே தண்டிப்பது அநியாயம் இல்லையா? பொய்ப் புகார் என்றால்?

நியாயமான கேள்வி. 2006இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில், ஃபுட்பால் அல்ல, லக்ரோஸ் அணி வீரர்கள் மீது பாலியல் வன்முறைப் புகார் வந்தது. பருவத்தின் மிச்ச ஆட்டங்கள் ரத்தாயின, பயிற்சியாளர் பதவி விலகினார். ஓராண்டு கழித்து வழக்குகள் கைவிடப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட மூவரும் நிரபராதிகள் என்று மாநில அட்டர்னி ஜெனரலே அறிவித்தார். வழக்கை நடத்தியவரின் வழக்கறிஞர் உரிமம் பறிபோனது.

மறுபக்கம் மினசோட்டா பல்கலைக்கழகம். 2016 டிசம்பரில் பாலியல் வன்முறைப் புகார் ஒன்றில் பத்து ஃபுட்பால் வீரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். காவல்துறை வழக்கே இல்லையே என்று மொத்த அணியும் ஹாலிடே பவுலைப் புறக்கணிப்பதாக அறிவித்தது. பயிற்சியாளர் ட்ரேசி கிளேய்ஸ் வெளிப்படையாக அவர்கள் பக்கம் நின்றார். பிறகு பல்கலைக்கழகத்தின் 80 பக்க விசாரணை அறிக்கை வெளியே வந்தது. இரண்டே நாளில் புறக்கணிப்பு முடிந்தது. ஜனவரியில் கிளேய்ஸுக்கு வேலை போனது. பின்னர் நடந்த விசாரணையில் அந்தப் பத்துப் பேரில் சிலருக்குத் தண்டனை உறுதியானது, சிலர் விடுவிக்கப்பட்டனர்.

குற்றவியல் நீதிமன்றத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். பல்கலைக்கழக விசாரணையில் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் பல இடங்களில் போதும். வழக்கு இல்லை என்பதால் தவறும் இல்லை என்று ஆகாது. விசாரணை முடியும்வரை ஆட விடாமல் வைத்து, உதவித்தொகையைத் தொடாமல் விடுவதுதான் எனக்குத் தெரிந்து குறைந்த தீங்கு. ஆனால் அதைப் பயிற்சியாளர் தீர்மானிக்கக் கூடாது. சனிக்கிழமை வெற்றியால் பிழைப்பவர் வெள்ளிக்கிழமை நீதிபதியாக இருக்க முடியாது.

கேள்வி: நீக்கப்பட்டவர்கள் எங்கே போகிறார்கள்?

பெரும்பாலும் இன்னோர் அணிக்கு. 2015இல் தென்கிழக்கு மாநாடு என்னும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு, பாலியல் அல்லது குடும்ப வன்முறைக்காக வேறு கல்லூரியில் நீக்கப்பட்டவரைச் சேர்க்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. இண்டியானா பல்கலைக்கழகம் 2017இல் தனக்கென அதுபோன்ற ஒரு தடை விதித்துக்கொண்டது.

கேள்வி: கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. என்ன செய்கிறது?

பேலர் பல்கலைக்கழகத்தில் வீரர்கள் மீதான பாலியல் வன்முறைப் புகார்கள் மறைக்கப்பட்டதற்காக 2016இல் பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் நீக்கப்பட்டார். 2021இல் என்.சி.ஏ.ஏ. கொடுத்த தீர்ப்பு, அந்தத் தோல்விகளைத் தண்டிக்கத் தன் விதிப்புத்தகத்தில் இடமில்லை என்பது. வீரனுக்கு யார் விருந்து வாங்கிக் கொடுத்தார் என்று பார்க்க மட்டும் விதி இருந்தது.

கேள்வி: என் மகள் அங்கே படிக்கிறாள். ஒரு வீரன் தொடர்ந்து தொல்லை கொடுக்கிறான். பயிற்சியாளரிடம் சொன்னால் கேட்பாரா, அம்மாவாகக் கேட்கிறேன்.

அவரிடம் போக வேண்டாம் அம்மா. பேலரில் நடந்தது அதுதான்: புகார் ஃபுட்பால் அலுவலகத்துக்குள் போனது, வெளியே வரவில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் டைட்டில் நைன் அலுவலகம் என்று ஒன்று இருக்கும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலினப் பாகுபாடு, பாலியல் தொல்லைப் புகார்களை வாங்குவது அதன் வேலை. உங்கள் மகள் அங்கே எழுத்தில் புகார் தரட்டும். குறுஞ்செய்திகள் இருந்தால் அழிக்காமல் படம் எடுத்து வைக்கட்டும். தேதி, இடம், உடன் இருந்தவர்கள் என்று ஒரு தாளில் இன்றே குறிக்கச் சொல்லுங்கள். பயந்தால் காவல்துறைக்கும் போகலாம், ஒன்றுக்காக மற்றதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இடையில் அணியைச் சேர்ந்த யாராவது "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று தொலைபேசியில் சொன்னால், அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.