சாலை போட்டால் போதுமா? மையம், விளிம்பு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, விளிம்பு என்றால் தலைநகரத்திலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கும் பகுதிதானே?

பதில்: தூரத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. விலையை யார் வைக்கிறார்கள், முடிவை எங்கே எடுக்கிறார்கள் என்று பாருங்கள். அர்ஜென்டினாவின் பொருளியலாளர் ரவுல் பிரெபிஷ் 1949-ல் லத்தீன் அமெரிக்காவை வைத்து இதை விளக்கினார். மூலப்பொருள் விற்கும் நாடுகள் விளிம்பு, இயந்திரம் விற்கும் நாடுகள் மையம். காலப்போக்கில் அதே இயந்திரத்துக்கு விளிம்பு நாடுகள் இன்னும் அதிக விளைபொருளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் வாதம்.

கேள்வி: நல்ல சாலை வந்தால் பின்தங்கிய பகுதி தானாக முன்னேறிவிடாதா சார்?

பதில்: தெற்கு இத்தாலியைப் பாருங்கள். 1950-ல் அதற்கென்றே தனி நிதியம் அமைத்து அணை, பாசனம், சாலை எல்லாம் செய்தார்கள். 1964-ல் வடக்கின் மிலானையும் தெற்கின் நேப்பிள்ஸையும் இணைக்கும் நெடுஞ்சாலை முழுதும் திறந்தது. ஆனால் சாலையில் போகவும் செய்யலாம், வரவும் செய்யலாம். வடக்கின் ஆலைச் சரக்கு தெற்கில் எளிதாக வந்து இறங்கியது. தெற்கின் இளைஞர்கள் லட்சக்கணக்கில் வடக்கே டூரின், மிலான் பக்கம் போனார்கள். வருமான இடைவெளி 1970-களின் தொடக்கம் வரை ஓரளவு குறைந்தது, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது.

அமெரிக்கப் பொருளியலாளர் பால் க்ருக்மன் 1991-ல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். சரக்கு அனுப்பும் செலவு அதிகமாக இருக்கும்வரை அந்தந்த ஊரில் சிறு ஆலைகள் பிழைக்கும். செலவு இறங்கியதும் பெரிய ஆலை ஒரே இடத்தில் இருந்துகொண்டு எல்லா ஊருக்கும் அனுப்பும். அதற்காகச் சாலையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கூடவே உள்ளூரில் தொழில் தொடங்கக் கடனும் பயிற்சியும் வர வேண்டும்.

கேள்வி: இரும்புத் தாது கொழிக்கும் ஜார்க்கண்ட் ஏன் இன்னும் ஏழை மாநிலமாகவே இருக்கிறது?

பதில்: காரணம் பல. அதிகம் பேசப்படாத ஒன்று, சரக்குக் கட்டணச் சமன்பாடு. அதாவது, எவ்வளவு தூரம் கொண்டுபோனாலும் விலை ஒன்றாக இருக்கும்படி மத்திய அரசு செய்த ஏற்பாடு. 1950-களிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை, ஜார்க்கண்டின் ஜாம்ஷெட்பூர் எஃகு அங்கே என்ன விலையோ, ஏறத்தாழ அதே விலைதான் சென்னையிலும் மும்பையிலும். அப்புறம் யார் சுரங்கத்துப் பக்கத்தில் பட்டறை போடுவார்கள்? மேற்கிலும் தெற்கிலும் விளையும் பருத்திக்கோ இப்படி ஒரு சமன்பாடு கிடையாது; அந்தப் பகுதிகளின் அனுகூலம் அவற்றிடமே இருந்தது. தமிழ்நாட்டின் தொழில் வளர்ச்சியைப் பெருமையாகப் பேசும் நாம் இதையும் சேர்த்துப் பேசுவதுதான் நியாயம்.

கேள்வி: விளிம்பு மையமாக மாறிய இடம் உண்டா?

பதில்: உண்டு. ஜெர்மனியின் பவேரியா ஒரு காலத்தில் பெரும்பாலும் விவசாய மாநிலம். 1980-கள் வரை மற்ற மாநிலங்களின் நிதியுதவியைப் பெற்றுவந்தது. இன்று அதிகம் கொடுப்பதே அதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மின்சாதன நிறுவனமான சீமென்ஸ் பெர்லினிலிருந்து தலைமையகத்தைப் பவேரியத் தலைநகர் மியூனிக்குக்கு மாற்றியது அதற்குப் பெரிய கைகொடுப்பு.