மறுபடி பறக்கும் ராக்கெட்டுகள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். செயற்கைக்கோள்கள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் தங்கும் விடுதியில் நாலைந்து பேர் சேர்ந்து படித்தோம். அன்றிலிருந்து அறையில் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் கீழ்ப்பாகத்தை ஒரு கோபுரம் இரண்டு கைகளால் பிடிக்கிற காணொளியைப் பார்த்துவிட்டு, இனிமேல் ராக்கெட்டும் விமானம் மாதிரிதான், சாங்கியிலிருந்து ஒரு மணி நேரத்தில் நியூயார்க் போய்விடலாம் என்கிறார் ஒருவர். இன்னொருவர், அது பாதி நேரம் வெடிக்கத்தான் செய்கிறது, பணக்காரர்களின் விளையாட்டு, அந்தக் காசில் எத்தனை பேருக்குச் சோறு போடலாம் என்கிறார். எனக்கு வேறு சந்தேகம். நாங்கள் வேலை செய்கிற அதே துருப்பிடிக்காத எஃகில்தான் அந்த ராக்கெட்டைச் செய்கிறார்கள் என்று படித்தேன். உண்மையா? இவ்வளவு கனமான பொருளை எதற்காக மேலே அனுப்ப வேண்டும்?

ஊரில் என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். ராக்கெட் வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அதற்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
செல்வம், துவாஸ்

*

அன்புள்ள தம்பி செல்வம்,

உங்கள் சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன். அறையில் எழுந்த கேள்விகளில் அதுதான் ஆழமானது.

ஆமாம், எஃகுதான். முதலில் அந்த ராக்கெட்டைக் கார்பன் நாரிழையில் செய்வதாகத்தான் திட்டம். 2018 கடைசியில் அதைக் கைவிட்டு, 300 வரிசைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறினார்கள். எரிபொருள் திரவ மீத்தேன், கூடவே திரவ ஆக்சிஜன். ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் இருக்கும். சாதாரண எஃகு அந்தக் குளிரில் தன் நெகிழ்வை இழந்து விரிசல் விடும். இந்த வகை எஃகோ குளிரக் குளிர இன்னும் வலுவாகிறது. இது உங்களுக்குப் புதிதாக இருக்காது. எல்என்ஜி, அதாவது திரவ இயற்கை வாயுக் கப்பல்களில் வருவதும் பெரும்பாலும் மீத்தேன்தானே, சில வகைக் கப்பல்களின் உள்தொட்டியில் இதே குடும்பத்து எஃகைத்தான் தகடாக வைக்கிறார்கள்.

திரும்பி வரும்போது நிலைமை தலைகீழ். காற்று மண்டலத்துக்குள் நுழைகிற கலத்தைச் சுற்றி 1,400 டிகிரிக்கும் மேலே சூடு ஏறும். அமெரிக்காவின் பழைய விண்வெளி ஓடமான ஸ்பேஸ் ஷட்டிலின் உடல் அலுமினியம். 175 டிகிரியைத் தாண்டவிடாமல் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. எஃகு அதைவிடப் பல மடங்கு சூட்டைத் தாங்கும். ஆகவே வெப்பத்தடுப்பு ஓடுகளை மெல்லியதாக வைக்கலாம், காற்றை எதிர்கொள்ளும் பக்கத்தில் மட்டும் ஒட்டினால் போதும். உடல் தகட்டில் கூடுகிற எடையில் ஒரு பகுதி ஓடுகளில் மிச்சமாகிறது. 2024 ஜூன் சோதனையில் ஒரு மடிப்பு இறக்கை எரிந்து ஓட்டை விழுந்ததை நேரலையில் உலகமே பார்த்தது. அப்படியும் கலம் கட்டுப்பாட்டோடு இந்தியப் பெருங்கடலில் இறங்கியது. பிறகு விலை. கார்பன் நாரிழையோடு ஒப்பிட்டால் எஃகு மிக மலிவு, திறந்த வெளியில் கூடாரம் போட்டு வெல்டிங் செய்யலாம், தப்பு வந்தால் வெட்டி எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டலாம். சுமார் 4 மில்லிமீட்டர் தகட்டை வளையம் வளையமாகச் சுருட்டி ஒன்றின்மேல் ஒன்றாகப் பற்றவைக்கிறார்கள். முழு ராக்கெட்டின் உயரம் 120 மீட்டருக்கு மேல். கோபுரம் பிடித்த காட்சியைப் பார்த்தபோது எனக்கு அந்த வெல்டிங் தையல்களைப் போட்ட கைகள்தான் நினைவுக்கு வந்தன.

சரி, இனி வாக்குவாதத்துக்கு வருகிறேன். விமானம் மாதிரி ஆகிவிட்டது என்று சொல்பவரிடம் ஸ்பேஸ் ஷட்டிலின் கதையைச் சொல்லுங்கள். அதுவும் மறுபடி பறக்கத்தான் செய்யப்பட்டது. 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதே வண்டியை ஏற்றிவிடலாம் என்றுதான் ஆரம்பத்தில் கணக்குப் போட்டார்கள். நடந்தது என்னவென்றால், வந்து இறங்கிய ஒவ்வொரு முறையும் எஞ்சின்களைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய 24,000 ஓடுகள், பெரும்பாலும் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது, எல்லாவற்றையும் ஆட்கள் கையால் பரிசோதித்தார்கள். மாதக்கணக்கில் போனது. எல்லா ஷட்டில்களும் சேர்ந்து ஒரே ஆண்டில் அதிகமாகப் பறந்ததே 9 தடவைதான், அது 1985ல். அடுத்த ஜனவரியில் சேலஞ்சர் ஷட்டில் சிதறியது, 2003ல் கொலம்பியா, மொத்தம் 14 உயிர்கள்.

அதனால் மறுபடி பறக்கும் ராக்கெட்டின் வெற்றியை அது அழகாக இறங்குவதை வைத்து நான் அளக்க மாட்டேன். இறங்கியதற்கும் அடுத்து ஏறுவதற்கும் நடுவில் எத்தனை நாள், எத்தனை ஆட்கள், எத்தனை உதிரிபாகங்கள் என்றுதான் பார்ப்பேன். பழுதுபார்க்க ட்ரை டாக்கில் நிற்கிற கப்பல் ஒரு வெள்ளிகூடச் சம்பாதிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். இங்கேயும் கணக்கு அதேதான்.

இந்த அளவுகோலில் அதே ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட் தேறிவிட்டது. 2015 டிசம்பரில் அதன் கீழ்ப்பாகம் முதல்முறை தரையிறங்கியது, 2017 மார்ச்சில் முதல்முறை ஏற்கெனவே பறந்த ஒரு கீழ்ப்பாகம், அதாவது பூஸ்டர், மறுபடி பறந்தது. இன்றைக்கு ஒரே பூஸ்டர் 30 தடவைக்கு மேல் போய்வந்திருக்கிறது, சில சமயம் இரண்டு வாரத்துக்குள்ளேயே திரும்பவும் ஏறியிருக்கிறது. 2024ல் மட்டும் ஃபால்கன் வகை ராக்கெட்டுகள் 130 தடவைக்கு மேல் ஏவப்பட்டன. இது சாதாரண விஷயமில்லை. ஆனால் அதன் மேல்பாகம் இன்னமும் ஒவ்வொரு முறையும் அழிகிறது. இன்னொரு விலையும் உண்டு. பூஸ்டரைத் திரும்பக் கொண்டுவர எரிபொருளை மிச்சம் வைக்க வேண்டும், கால்கள் வேண்டும். பூஸ்டரைக் கைவிட்டால் 22 டன்னுக்கு மேல் ஏற்றக்கூடியது, திரும்ப வரவேண்டுமென்றால் 17 டன் அளவுதான் ஏற்றுகிறது. ராக்கெட்டின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு எரிபொருள் என்பதால், கூடுகிற ஒவ்வொரு கிலோவும் சுமையிலிருந்துதான் கழியும். ஸ்டார்ஷிப்பை இவ்வளவு பெரிதாகக் கட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அளவு கூடும்போது இந்த இழப்பைத் தாங்க முடியும்.

ஸ்டார்ஷிப்பில் கோபுரம் பிடித்தது பூஸ்டரை, அதாவது சுலபமான பாதியை. 33 எஞ்சின்கள் உள்ள ஒரு பொருளைச் சுலபம் என்று சொல்வது நியாயமில்லைதான். முதல்முறை பிடித்த 2024 அக்டோபர் 13 அன்று நானும் கத்திவிட்டேன். ஆனால் வேகத்தைப் பாருங்கள். பூஸ்டர் பிரியும்போது மணிக்கு 5,500 கிலோமீட்டர் அளவில் போகிறது. மேல்கலம் சுற்றுப்பாதையிலிருந்து வந்தால் 27,000க்கும் மேல். ஐந்து மடங்கு வேகம் என்றால் இருபத்தைந்து மடங்கு ஆற்றல், அது முழுவதையும் காற்றில் சூடாகக் கரைத்தாக வேண்டும். சுமார் 18,000 ஓடுகள் அதற்காகத்தான். ஒரு பூஸ்டர் மறுபடி பறந்தது 2025 மே மாதத்தில். அதன் 33 எஞ்சின்களில் 29 ஏற்கெனவே பறந்தவை. முதல் பறப்புக்கும் இரண்டாவதுக்கும் இடையே நாலு மாதத்துக்கு மேல். மேல்கலமோ 2025 முடியும்வரை ஒருமுறைகூட மறுபடி பறக்கவில்லை. பறந்து வந்த ஓடுகளை அப்படியே விட்டு, தட்டிப்பார்த்து, எரிபொருள் நிரப்பி அனுப்ப முடியுமா என்பதுதான் மொத்தத் திட்டத்தின் உயிர்நாடி. அதற்கு இன்னும் விடை வரவில்லை.

வெடிக்கிறதே என்பவருக்கும் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. ஆளில்லாமல் ஏவி, உடைந்ததைப் பார்த்துத் திருத்துவது ஒரு முறை. ஃபால்கன் 9ன் தரையிறக்கத்தையும் அப்படித்தான் கற்றார்கள். ஆனால் உடைவது யார் தலைக்கு மேல் என்று கேட்காமல் இருக்க முடியாது. 2025 ஜனவரியிலும் மார்ச்சிலும் மேல்கலங்கள் கரீபியன் பக்கம் சிதறின. டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளில் துண்டுகள் விழுந்தன, பயணிகள் விமானங்கள் திசை திருப்பப்பட்டன. அந்தத் தீவு மக்கள் எந்தச் சோதனைக்கும் சம்மதம் கொடுத்தவர்கள் இல்லை. இதை வளர்ச்சியின் விலை என்று சொல்லிக் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியாது.

ஒரு மணி நேரத்துக்குள் உலகின் எந்த ஊருக்கும் ராக்கெட்டில் போகலாம் என்ற கனவு 2017ல் அடிலெய்டில் நடந்த மாநாட்டில் ஸ்பேஸ்எக்ஸின் தலைவர் ஈலோன் மஸ்க் சொன்னது. சாங்கியிலிருந்து நியூயார்க் போக இப்போது விமானத்தில் 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் நம் தீவு கிழக்கிலிருந்து மேற்காக 50 கிலோமீட்டர்தான். வடக்கே ஜொகூர், தெற்கே பாத்தாம், நடுவே உலகிலேயே நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. இந்த இரைச்சலையும், ஒலியைவிட வேகமாக இறங்கும்போது எழுகிற வெடிச்சத்தத்தையும் எங்கே வைப்பது? கடலில் மேடை போடலாம் என்றார்கள். உங்களுக்குப் பிடிக்கும் ஒரு செய்தி: 2020ல் ஸ்பேஸ்எக்ஸ் அதற்காக வாங்கிய இரண்டு எண்ணெய்த் துரப்பண மேடைகளும் சிங்கப்பூரில் கட்டப்பட்டவை. 2023ல் அவற்றை விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். பாதுகாப்பும் இருக்கிறது. மிகவும் நம்பகமானது என்று பெயரெடுத்த ஃபால்கன் 9கூட 2015லும் 2016லும் 2024லும் தன் சுமையை இழந்திருக்கிறது. பயணிகள் விமானங்களில் உயிர்ச்சேதம் பல லட்சம் பறப்புகளுக்கு ஒன்று என்ற நிலைக்கு வந்துவிட்டது. சாதாரண மக்கள் ராக்கெட்டில் நியூயார்க் போவார்கள் என்று நான் நம்பவில்லை.

நான் நம்புவது வேறு. மலிவாகவும் கனமாகவும் ஏற்ற முடிந்தால் விண்கலம் கட்டும் முறையே மாறும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கண்ணாடி 6.5 மீட்டர். ராக்கெட்டின் மூக்குக்குள் அடங்காததால் மடித்து வைத்தார்கள். மேலே போய் அது விரிவதற்குள் 344 இடங்களில் எது தவறினாலும் எல்லாம் போச்சு. 2021 கிறிஸ்துமஸ் அன்று ஏவியபின் அந்த விஞ்ஞானிகள் எப்படித் தூங்கினார்களோ. 9 மீட்டர் அகல ராக்கெட் இருந்தால் அப்படிப்பட்ட கண்ணாடியை மடிக்காமலேயே அனுப்பலாம். சுமார் 420 டன் எடையுள்ள பன்னாட்டு விண்வெளி நிலையத்தைக் கட்ட 40க்கும் மேற்பட்ட ஏவல்கள் தேவைப்பட்டன. ஒரு தடவைக்கு 100 டன் என்றால் ஐந்தில் முடிந்துவிடும்.

நிலவுக்குப் போவதில்தான் எனக்கு உண்மையான கவலை. நாசா 2021ல் ஸ்டார்ஷிப்பை நிலவில் இறங்கும் கலமாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் பூமியைச் சுற்றும் பாதைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதன் தொட்டி காலியாகிவிடும். எரிபொருள் கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக, பத்துக்கும் மேலாக அனுப்பி, அங்கேயே நிரப்ப வேண்டும். எடையற்ற நிலையில் திரவம் தொட்டியின் அடியில் தங்காது, மிதக்கும். மெல்ல உந்தி ஒரு பக்கம் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். வெயில் பட்டால் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். 2024 மார்ச்சில் ஒரே கலத்துக்குள் தொட்டிக்குத் தொட்டி மாற்றிப் பார்த்தார்கள். இரண்டு கலங்களுக்கிடையே 2025 முடியும்வரை செய்து பார்க்கவில்லை. பத்து ஏவல்களைச் சில வாரங்களுக்குள் செய்யாவிட்டால் நிரப்பியது ஆவியாகிப் போகும். ஆகவே இங்கேயும் அந்த டாக் கணக்குதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

செவ்வாய் இதைவிட மிகத் தூரம். இதுவரை அங்கே பத்திரமாக இறக்கியதில் கனமானது ஒரு டன் அளவு ஊர்தி. 2022ல் சரக்குக் கலங்கள் போகும் என்று 2017ல் சொன்னார்கள், அந்த ஆண்டு வந்து போய்விட்டது. தேதிகளை நம்ப வேண்டாம்.

சோறு போடலாமே என்ற நண்பரிடம் கஜா புயலைப் பற்றிக் கேளுங்கள். 2018 நவம்பரில் உங்கள் மாவட்டத்தில் தென்னைகள் போனதை யாரும் தடுக்க முடியவில்லை. ஆனால் புயல் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்து, கடலோரத்து மக்களை முகாமுக்குக் கூட்டிப்போக முடிந்ததே, அதில் செயற்கைக்கோள்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் சிங்கப்பூரின் டெலியோஸ்-2 செயற்கைக்கோளையும் 2023 ஏப்ரலில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட் ஏற்றிக்கொண்டு போனது. மேகம் மூடியிருந்தாலும் ரேடாரால் கீழே பார்க்கும் கலம் அது. ஏவுகிற செலவு குறைந்தால் சிறிய நாடுகளுக்குத்தான் முதல் லாபம். பசி தீர இது போதும் என்று நான் சொல்லவில்லை, அதற்கு வேறு போராட்டம் வேண்டும். ஆனால் ஒன்றை விட்டால்தான் மற்றது நடக்கும் என்பதை நான் ஏற்கவில்லை.

இப்போது உங்கள் மகன். பத்தாம் வகுப்பில் கணிதத்தையும் இயற்பியலையும் புரிந்து படிக்கட்டும். பன்னிரண்டுக்குப் பிறகு ஜேஇஇ அட்வான்ஸ்டு நுழைவுத் தேர்வு வழியாகத் திருவனந்தபுரத்தில் உள்ள ஐஐஎஸ்டி என்ற விண்வெளி அறிவியல் கல்வி நிறுவனத்தில் சேரலாம். இயந்திரவியலோ உலோகவியலோ எந்த நல்ல கல்லூரியில் படித்தாலும் வழி இருக்கிறது. பொறியியல் அமையாவிட்டால் மனம் தளர வேண்டாம். இஸ்ரோ டிப்ளமா படித்தவர்களையும், ஐடிஐயில் வெல்டர், ஃபிட்டர் பிரிவு முடித்தவர்களையும் எடுக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் எஞ்சின் சோதனைகள் நடக்கின்றன. குலசேகரப்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மறுபடி பயன்படும் கீழ்ப்பாகம் உள்ள பெரிய ராக்கெட்டுக்கு அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அவன் படித்து முடிக்கிறபோது அங்கே வேலை இருக்கும்.

நீங்கள் சொல்லிக்கொடுக்கவும் நிறைய இருக்கிறது. ஒரு தையல் எங்கே விரிசல் விடும், சூடு பட்ட ஓரத்தில் உலோகம் ஏன் மாறுகிறது, எக்ஸ்ரே படத்தில் எதைப் பார்த்து ஒதுக்குகிறீர்கள் என்று விடுமுறையில் போகும்போது அவனிடம் பேசுங்கள். மிச்சக் கேள்விகளை அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா