பள்ளி வாசலில் கொடுக்கும் படிவத்தை நிரப்பாதீர்கள்

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வாய்ப்பாடு மனப்பாடம், ஆனால் ‘36இன் காரணிகளை எழுதுக’ என்றால் விழிக்கிறாள். பள்ளி வாசலில் ஒருவர் அபாகஸ் (மணிச்சட்டம்) வகுப்புக்குப் படிவம் தருகிறார். சேர்க்கலாமா? – ஒரு தாய், தண்டையார்பேட்டை.

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ‘நாலாறு இருபத்து நாலு’ என்று ஒப்பித்தே பழகிய குழந்தையிடம் 24ஐக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் திகைக்கத்தான் செய்யும். 24 புளியங்கொட்டைகளைக் கொடுத்து, ஒன்றும் மிஞ்சாமல் சம வரிசைகளாக அடுக்கச் சொல்லுங்கள். மூன்று வரிசையில் எட்டெட்டாகவும் நான்கு வரிசையில் ஆறாறாகவும் அடுக்கும்போது, 24ஐ மீதியின்றி வகுக்கும் எண்களான காரணிகள் இணை இணையாக வருவதை அவளே கண்டுகொள்வாள். ஒரு கொட்டையை எடுத்துவிட்டால், 23ஐ ஒரே நீள வரிசையாக வைப்பதைத் தவிர வேறு வழியிராது. பகா எண்ணுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பிறகு 1 முதல் 30 வரை எழுதி இருவர் ஆடலாம். ஒருவர் கோடு போட்டு அடிக்கும் எண் அவருக்கு மதிப்பெண். அதன் மற்றக் காரணிகள் எதிராளிக்கு. ஆசைப்பட்டு முதலில் 24ஐ அடித்தால் எதிராளிக்கு 1, 2, 3, 4, 6, 8, 12 என 36 போய்விடும். 29ஐ அடித்தால் 1 மட்டுமே போகும்.

வகுபடும் தன்மைக்கு, எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் எண் பலகைகளே போதும். 4713இன் இலக்கங்களைக் கூட்டினால் 15. ஆகவே 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. ஆனால் குறுக்குவழி வகுப்புகளில் ஒரு தவறு தவறாமல் நடக்கிறது: 4ஆலும் 6ஆலும் வகுபட்டால் 24ஆலும் வகுபடும் என்கிறார்கள். 36ஐ எடுத்துப் பாருங்கள். 4ஆலும் வகுபடும், 6ஆலும் வகுபடும், 24ஆல் வகுத்தால் 12 மீதி. 12ம் 60ம் அப்படியே. நான்குக்குள்ளும் 2 இருக்கிறது, ஆறுக்குள்ளும் 2 இருக்கிறது. ஒரே இரண்டை இருமுறை கணக்கில் சேர்த்துவிடுகிறோம். பொதுக் காரணி இல்லாத 3ஐயும் 8ஐயும் கொண்டுதான் 24ஐச் சோதிக்க வேண்டும்.

இவையெல்லாம் பள்ளியில் நடக்க வேண்டியவை. மீப்பெரு பொதுக் காரணி (மீ.பெ.கா.), மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) வரை பாடத்தை முடித்தாக வேண்டும் என்று ஆசிரியரை விரட்டினால் அவர் எங்கே கொட்டை அடுக்குவார்? அந்த இடைவெளியில்தான் முகவர்கள் நுழைகிறார்கள். படிவம் தருபவர் பெரும்பாலும் ஆசிரியர் அல்லர். சேர்க்கைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவர். முதல் நிலைக்கான கட்டணத்தை மட்டும் சொல்வார். அடுத்தடுத்த நிலைகள், பை, பனியன், தேர்வுக் கட்டணம், சான்றிதழ் எல்லாம் பணம் கட்டிய பிறகே வெளிவரும். மணிச்சட்டம் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் வேகம் தரலாம். 91 பகா எண்ணா என்று கேட்டால், அதில் தேர்ந்த குழந்தையும் 7ஆல் வகுத்துப் பார்த்தே 13ஐக் கண்டுபிடிக்க வேண்டும்.