திருத்தித் தந்தும் அதே பிழை வருவது ஏன்?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கிறேன். என் ஆங்கிலக் கட்டுரைகளைப் பேராசிரியர் வரிக்கு வரி திருத்தித் தருகிறார். அடுத்த கட்டுரையிலும் அதே பிழைகள். எனக்கு ஆங்கிலம் வராதா?

பதில்: வரும். திருத்திய தாளில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்திருப்பீர்கள், அவ்வளவுதான். திருத்தத்தைப் பார்த்து அதே கட்டுரையை மறுபடி எழுதினால்தான் அது மனதில் ஏறும். நம் பாடத்திட்டமோ அப்படி மறுபடி எழுதியதற்கு மதிப்பெண்ணே தருவதில்லை. பருவம் முடிகிற நேரத்தில் தாளைக் கட்டாகத் திருப்பிக் கொடுத்தால் யார் உட்கார்ந்து எழுதுவார்கள்?

இலக்கணத் திருத்தமே வீண், விட்டுவிடுங்கள் என்று 1996இல் மொழி கற்பித்தல் ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் எழுதினார். 1999இல் அதே துறையைச் சேர்ந்த டேனா ஃபெரிஸ் அதை மறுத்தார். பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில், ஓரிரு பிழைகளை மட்டும் குறிவைத்துத் திருத்தியபோது முன்னேற்றம் தெரிந்தது. முதல்முறை சொல்லும் பொருளுக்கு ‘ஏ’ (a), அதையே மறுபடி சொன்னால் ‘தி’ (the) என்ற விதியில் வரும் பிழைபோல. ஒரே பக்கத்தில் நாற்பது திருத்தம் இருந்தால் எதைப் பிடித்துக்கொள்வீர்கள்?

விதி உள்ள பிழைக்கு ஆசிரியர் அடிக்கோடு போட்டால் போதும். ‘ஷி கோ’ என்று எழுதியிருந்தால் யோசித்து நீங்களே ‘ஷி கோஸ்’ ஆக்கலாம். அப்படித் தேடித் திருத்துவது நல்லதும்கூட. ஆனால் ‘டிபெண்ட்’ என்ற சொல்லுக்குப் பின் ‘ஆஃப்’ (of) போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். அடிக்கோட்டை எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் ‘ஆன்’ தோன்றாது. அதற்கு விதி கிடையாது, பழக்கம்தான். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதும் அப்படித்தான். அங்கே ‘அபவுட்’ வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். இந்த மாதிரி இடங்களில் மட்டும் சரியான வடிவத்தையே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கூச்சமே வேண்டாம்.

அப்புறம், ‘பிழையில்லாமல் ஆக்கித் தருகிறோம்’ என்று காசு வாங்குகிறவர்களிடம் போகாதீர்கள். எதை மாற்றினார்கள் என்று காட்டாமல் சுத்தமான தாளை நீட்டுவார்கள். நீங்கள் கற்றது பூஜ்யம். மாட்டினால் ஒழுங்கு நடவடிக்கை உங்கள்மேல்தான் வரும், அவர்கள்மேல் அல்ல. திருத்தும் மென்பொருளில் ‘எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதுவும் இதே ரகம். ஒவ்வொரு திருத்தமாகப் பார்த்து, ஏன் என்று புரிந்த பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த கட்டுரையைக் கொடுக்கும்போது மேலே ஒரு வரி எழுதிவிடுங்கள்: ‘ஐயா, இந்த முறை ஏ, தி பிழைகளை மட்டும் குறித்துத் தாருங்கள்.’ அவருக்கும் வேலை பாதி குறையும், மறுக்கமாட்டார்.