கனம்தான் கருவி (கடிதமும் பதிலும்)

ஐயா,

எங்கள் பக்கம் நடக்கும் தெருக்கூத்துகளை ஃபோனில் எடுத்து வைக்கிறேன். நடந்துகொண்டே எடுத்தால் படம் ஆடுகிறது. ஃபோனை மோட்டாரால் ஆடாமல் பிடிக்கும் கிம்பல் வாங்க வசதியில்லை. பிவிசி பைப்பில் ஒரு கைப்பிடி செய்து பார்த்தேன், ஆட்டம் குறையவில்லை. வேறு என்ன செய்யலாம்?

செய்யாற்றிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஃபோனும் லேசு, பிவிசியும் லேசு. கையின் அசைவெல்லாம் அப்படியே படத்தில் ஏறிவிடுகிறது. 1970களில் காரெட் பிரவுன் என்ற அமெரிக்க ஒளிப்பதிவாளர், நடந்துகொண்டே ஆடாமல் படமெடுக்கச் செய்த ஸ்டெடிகேம் என்ற கருவியில் மோட்டாரே கிடையாது. கேமரா ஒரு முனையில், எதிர் எடை தூரத்தில் மறு முனையில். எடை அப்படிப் பிரிந்து நின்றால் கருவி சட்டென்று திரும்பாது. ஜானி லீ என்ற அமெரிக்க மாணவர் இதே தத்துவத்தில், இரும்புக் குழாயை வைத்து 14 டாலர் செலவில் ஒன்று செய்து காட்டினார். நீங்களும் அதைச் செய்யலாம்.

அரை இஞ்ச் ஜிஐ பைப்பில் முக்கால் அடித் துண்டு மூன்று, மூன்றையும் இணைக்க T வடிவ இணைப்பு (டீ) ஒன்று, குழாய் முனையை மூடும் எண்ட் கேப் இரண்டு வாங்குங்கள். ஹார்டுவேர் கடையிலேயே வெட்டி, புரி போட்டுத் தருவார்கள். இரண்டு துண்டு நேர்க்கோட்டில், மூன்றாவது பக்கவாட்டில் கைப்பிடியாக. கேப்புகளின் நடுவில் லேத்தில் துளை போட்டு, மேலே ஃபோன் ஹோல்டரையும் கீழே ஒரு கிலோ ஜிம் பிளேட்டையும் போல்ட்டால் முடுக்குங்கள். ஹோல்டருக்குக் கால் இஞ்ச் போல்ட்தான், இஞ்சுக்கு 20 புரி. கடைக்காரர் 6 மில்லி போல்ட்டை நீட்டினால் வாங்காதீர்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், புரி சேராது.

கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, கீழ்க் குழாயை மறுகையின் இரண்டு விரலால் தொட்டாற்போல வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கினால் மறுபடி ஆடும். கை சீக்கிரம் வலிக்கும், ஆனால் அந்தக் கனத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு, ஆடுகிற களரி முழுவதும் தெரிகிற மாதிரி அசையாமல் நிற்கும் ஒரு ஃபோன்தான் முதல் தேவை. அடவு போட்டுச் சுழலும்போது கால் ஃபிரேமுக்கு வெளியே போனால் பின்னால் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அந்த வீடியோ உதவாது. நடந்து எடுப்பதை வேடம் கட்டும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு வெளிச்சத்தில் படத்தில் கோடு ஓடினால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் ஒலி. தூரத்து ஃபோனில் பாட்டு கரைந்துபோகும். வீட்டில் கிடக்கும் பழைய ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ரெக்கார்டரை ஓடவிட்டு, பின்பாட்டுக்காரர்களின் பெஞ்சுக்குப் பக்கத்தில் வையுங்கள், மிருதங்கத்துக்கு ஒட்டி வேண்டாம். இரண்டும் ஓடத் தொடங்கியதும் கேமரா முன் ஒரு முறை கைதட்டுங்கள். எடிட் செய்யும்போது அந்தச் சத்தத்தை வைத்துப் பொருத்திவிடலாம். ஆனால் கலைஞர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள், முடிந்ததும் அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.