வீடு கலைந்து கிடந்தால் அது வளர்ப்பின் குறையா?

கேள்வி: என் அக்காவுக்கு 41 வயது. வாடகை வீடுதான், ஆனாலும் சிங்க்கில் ஒரு டம்ளர்கூட ராத்தங்க விடமாட்டாள். ஆனால் இப்போது இரண்டு மாதமாகத் துவைத்த துணி நாற்காலியிலேயே குவிந்து கிடக்கிறது. பாத்திரம் மறுநாள் மதியம்வரை ஊறுகிறது. “வளர்த்த லட்சணம்” என்று அவள் மாமியார் எங்கள் அம்மாவைச் சொல்கிறார். வேலைக்கு ஆள் வைக்க வசதி இருந்தால் இந்தப் பேச்சு வருமா? இது வளர்ப்பா, வசதிக் குறைவா, மனசு சரியில்லையா?
– வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் எழுதியதில் முக்கியமான சொல் ‘இரண்டு மாதமாக’ என்பதுதான். சின்ன வயதில் படிந்த பழக்கம் 41 வயதில் திடீரென்று கழன்றுபோகாது. அம்மாவைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

வசதிக்குப் பங்கு உண்டு. பரண் இல்லாத ஒற்றை அறையில் நான்கு பேர் இருந்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தால், குடமும் பக்கெட்டும் நடையில்தான் நிற்கும். அது இடநெருக்கடி. ஆனால் உங்கள் அக்கா அதே வீட்டில்தானே இருக்கிறார்? மாறியது அவர் உடம்போ மனசோதான்.

பாத்திரம் கழுவுவது பார்ப்பவருக்கு ஒரே வேலை. மனச்சோர்வில் இருப்பவருக்கோ மீதிக் குழம்பை என்ன செய்வது, அடிப்பிடித்ததை எதில் ஊறவைப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு மலை. தூக்கம், பசி, குளியல், பிடித்த சீரியல், போன் பேச்சு இவையும் குறைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு (டிஎஸ்ஹெச்) இரண்டும் பார்த்துவிடுங்கள். இந்த வயதில் மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமாகி ரத்தசோகை வருவது சகஜம். அதுவும் ஆளை இப்படித்தான் அசத்திப் போடும். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். “இருந்து என்ன பிரயோஜனம்” என்கிற மாதிரி அவர் சொன்னால் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

காலிக் கவர், பழைய பேப்பர் எதையும் எறிய மனசு வராமல் வருஷக்கணக்கில் சேர்ப்பது வேறு பிரச்சினை. 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டில் அது தனி நோயாகவே இருக்கிறது.

உதவப் போகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, அவர் இல்லாத நேரத்தில் மொத்த வீட்டையும் ஒழித்துப்போடுவது. திரும்பி வந்தவருக்கு அது அவமானமாகத்தான் படும். நாலே நாளில் வீடும் பழையபடி ஆகிவிடும். “ஏன் இப்படிப் போட்டு வச்சிருக்கே?” என்றும் கேட்காதீர்கள். “நான் கழுவுறேன்க்கா, நீ துடைச்சு வை” என்று சிங்க்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 15 நிமிஷம் போதும், மீதி கிடக்கட்டும். துணிக்கு இரண்டு கூடை வையுங்கள், அழுக்குக்கு ஒன்று, துவைத்ததற்கு ஒன்று. மடிக்காமல் போட்டாலும் பரவாயில்லை.

டாக்டரிடம் போகும்போது அத்தானும் கூட வரட்டும். காரணத்தை டாக்டர் வாயால் கேட்டுவிட்டால், தன் அம்மாவிடம் அவரே பேசிக்கொள்வார்.